நாலே நாலு எம்.பி.க்கள்!

கனடாவின் சின்னஞ்சிறு தீவு மாகாணம் ஓட்டுப் போட்டு வாங்கியது என்ன?

கனடா நாட்டுப் பாராளுமன்றத்தில் 343 எம்.பி.க்கள். அவர்களில் ஒரு மாகாணத்தில் இருந்து வருகிறவர்கள் நாலே நாலு பேர்!

அந்த மாகாணத்தின் பெயர் பிரின்ஸ் எட்வர்டு தீவு.

நாலு பேரால் என்ன செய்ய முடியும்? நாலு பேரும் சேர்ந்து கையைத் தூக்கினாலும், எதிரே 339 பேர் இருக்கிறார்களே! அந்தத் தீவு மக்கள் ஓட்டுப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

இப்படித்தான் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் தீவு மக்கள் அப்படி நினைப்பதில்லை. பல தேர்தல்களில் கனடாவிலேயே அதிக விகிதத்தில் ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான்.

அந்த நாலு இடங்களும் சும்மா கிடைத்தவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. சர்க்கஸ், கடன், பனிக்கட்டி மேல் இழுத்த படகு, கவிழ்ந்த மந்திரிசபை எல்லாம் அந்தக் கதையில் உண்டு.

செம்மண் தீவு

கனடாவின் கிழக்குக் கோடியில், கடலுக்குள் பிறை போல் வளைந்து கிடக்கிறது இந்தத் தீவு. நீளம் சுமார் 140 மைல். அகலம் சில இடங்களில் 4 மைல்தான்.

எங்கு பார்த்தாலும் செம்மண். அந்த மண்ணில் உருளைக்கிழங்கு அமோகமாக விளைகிறது. கடலில் சிங்கி இறால் பிடிக்கிறார்கள். விவசாயமும் மீன்பிடிப்பும்தான் பல தலைமுறைகளாக அவர்களுக்குச் சோறு போட்டவை.

கனடாவில் மொத்தம் 10 மாகாணங்கள். பரப்பிலும் சரி, ஜனத்தொகையிலும் சரி, இதுதான் மிகச் சிறியது. 2021-ம் ஆண்டு கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் 1,54,331 பேர். நம் நாட்டில் ஒரு லோக்சபா தொகுதியில் மட்டும் சராசரியாக 15 லட்சத்துக்கு மேல் ஓட்டர்கள் இருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் அந்த மாகாணம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

தலைநகர் சார்லட்டவுன். கனடா என்ற நாடு பிறப்பதற்கு வழி கோலியதே இந்த ஊர்தான்!

சர்க்கஸ் வந்த நேரம்

1864-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வட அமெரிக்க மாகாணங்களின் தலைவர்கள் சார்லட்டவுனில் கூடினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே நாடாக ஆவது பற்றிப் பேச்சு.

அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தீவு சர்க்கஸ் பார்த்ததே இல்லை. தீவு முழுவதும் திரண்டு வந்துவிட்டது. ஓட்டல்களில் இடம் இல்லை.

கப்பலில் வந்த தலைவர்களை வரவேற்கத் துறைமுகத்தில் கூட்டம் இல்லை. தீவு சர்க்காரின் செயலாளரான வில்லியம் போப் ஒரு சின்னப் படகில் ஏறித் துழாவிக்கொண்டு போய் அவர்களை வரவேற்றார்.

மாநாடு நன்றாகவே நடந்தது. பிறகு கியூபெக் நகரில் இன்னொரு மாநாடு கூடியது. புதிய நாட்டின் பாராளுமன்றத்தில் எந்த மாகாணத்துக்கு எத்தனை இடம் என்று அங்கே கணக்குப் போட்டார்கள்.

தீவுக்கு 5 இடம் என்றார்கள்.

"ஐந்து போதாது. ஆறு வேண்டும்" என்று கேட்டனர் தீவின் பிரதிநிதிகள். ஆறு கிடைக்கவில்லை.

ஒரே ஓர் இடத்துக்காக இவ்வளவு பிடிவாதமா என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். தீவு மக்களின் பயம் வேறு. பெரிய மாகாணங்களோடு சேர்ந்தால் நம் குரல் கேட்காமல் போய்விடுமே என்பதுதான் அந்தப் பயம்.

1867-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி கனடா பிறந்தது. பிள்ளையார் சுழி போட்ட தீவு அதில் சேரவில்லை!

கோணல் ரெயில் பாதை

சேராமல் இருந்த தீவுக்கு இரண்டு தலைவலிகள் இருந்தன.

முதல் தலைவலி நிலம். 1767-ல் லண்டனில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீவையே பங்கு போட்டுவிட்டார்கள். மொத்தம் 67 பங்கு. அவற்றை வாங்கிய ஜமீன்தார்களில் பலர் தீவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. உழுதவர்கள் நூறு ஆண்டுகளாக அவர்களுக்குக் குத்தகை கட்டி வந்தார்கள்.

இரண்டாவது தலைவலி ரெயில். 1871-ல் தீவு சர்க்கார் ரெயில் பாதை போடத் தொடங்கியது. ஒரு மைலுக்கு இவ்வளவு என்று காண்டிராக்டர்களுக்குக் கூலி. மொத்தம் எத்தனை மைல் என்று வரம்பு கட்டவில்லை.

பிறகு கேட்பானேன்? மேட்டை வெட்டாமல் சுற்றிக்கொண்டு போனது பாதை. பள்ளத்தைத் தூர்க்காமல் வளைந்துகொண்டு போனது. பாதை நீள நீளக் கடனும் நீண்டது.

கடன் கழுத்தை நெரித்தது. கனடாவோடு சேர்வது தவிர வேறு வழி தெரியவில்லை.

1873-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி தீவு கனடாவில் சேர்ந்தது. சும்மா சேரவில்லை. நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு சேர்ந்தது.

ரெயில் பாதையையும் அதன் பாரத்தையும் கனடா ஏற்றது. ஜமீன்தார்களிடம் இருந்து நிலத்தை வாங்க 8 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. பாராளுமன்றத்தில் 6 இடம் கொடுத்தது. முன்பு மறுத்த அதே ஆறு!

இன்னொரு நிபந்தனையும் எழுதப்பட்டது. தபாலும் பிரயாணிகளும் வந்து போகக் கோடையிலும் குளிர்காலத்திலும் கனடா சர்க்கார் நீராவிக் கப்பல் விடவேண்டும். தீவு எப்போதும் கரையோடு தொடர்பு கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கப்பல் நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது பெரிய வேலை செய்யப்போகிறது.

வந்ததும் ஆட்டம் கண்டது!

அந்த ஆண்டே தீவு மக்கள் முதல் தடவையாகக் கனடாப் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆறு எம்.பி.க்கள் ஒட்டாவா நகருக்குப் போனார்கள்.

அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் ஜான் மாக்டொனால்டு. அவருடைய மந்திரிசபை ஊசலாடிக்கொண்டு இருந்தது. ரெயில்வே காண்டிராக்ட் கேட்ட ஒரு பணக்காரரிடம் தேர்தல் செலவுக்குப் பணம் வாங்கினார்கள் என்று குற்றச்சாட்டு. நாடே அதைப் பற்றிப் பேசியது.

சபையில் இரண்டு பக்கமும் பலம் ஏறக்குறைய சமமாக இருந்தது. புதிதாக வந்த தீவுக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? எல்லோருடைய கண்ணும் அந்தப் புது முகங்கள் மேல்!

ஆறு பேரில் ஒருவர் டேவிட் லெயர்டு. பத்திரிகை ஆசிரியர். தீவைக் கனடாவில் சேர்க்க ஒட்டாவாவில் பேச்சு நடத்தியவர்களில் ஒருவர். அவர் எழுந்து மந்திரிசபைக்கு எதிராகப் பேசினார்.

1873-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி மாக்டொனால்டு ராஜினாமா செய்தார். அடுத்து வந்த மந்திரிசபையில் லெயர்டு உள்நாட்டு மந்திரி ஆனார்.

நாட்டில் சேர்ந்து நாலு மாதம்தான் ஓடியிருந்தது. அதற்குள் ஒரு பிரதம மந்திரி விலகியதில் தீவுக்கும் பங்கு இருந்தது. சிறியவன் என்றால் செல்லாக்காசு அல்ல என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆறு ஐந்தானது, ஐந்து நாலானது

ஆனால் இந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

எம்.பி. இடங்களைக் கனடாவில் எப்படிப் பங்கிட்டார்கள்? கியூபெக் மாகாணத்துக்கு 65 இடம் என்று நிலையாக வைத்தார்கள். அந்த மாகாணத்தில் ஓர் எம்.பி.க்கு எத்தனை பேர் என்று பார்த்தார்கள். அதே விகிதத்தில் மற்ற மாகாணங்களுக்கு இடம் கொடுத்தார்கள். பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஜனத்தொகை எடுத்ததும் கணக்கும் மாறும்.

தீவிலோ ஜனத்தொகை இறங்கிக்கொண்டே போனது. இளைஞர்கள் வேலை தேடி அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

1891-ல் 1,09,078 பேர்.

1901-ல் 1,03,259 பேர்.

1911-ல் 93,728 பேர்.

ஆறு இடம் ஐந்தானது. பிறகு நாலானது. தீவு சர்க்கார் கோர்ட்டுக்குப் போனது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு ஏறியது. அங்கேயும் தீவு தோற்றுவிட்டது.

1911 கணக்கு வந்ததும் அடுத்த அடி காத்திருந்தது. நாலும் மூன்றாகிவிடும்! இப்படியே போனால் ஒரு நாள் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும் என்று தீவு மக்கள் கலங்கினார்கள்.

காப்பாற்றிய ஒரே வரி

அப்போது ஒரு யோசனை பிறந்தது.

கனடாவில் செனட் என்ற மேல்சபை உண்டு. அதில் தீவுக்கு 4 இடம். ஜனத்தொகை கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் மாறாது.

"எந்த மாகாணத்துக்கும் செனட்டில் உள்ள இடங்களைவிடக் குறைவான எம்.பி.க்கள் இருக்கக்கூடாது" என்று ஒரு விதி போட்டால் என்ன?

1915-ம் ஆண்டு அந்த விதி அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. ஒரே ஒரு வரி. அந்த வரி தீவின் நாலு இடத்தையும் பூட்டிப் பத்திரப்படுத்தியது.

1982-ல் கனடா தன் அரசியல் சட்டத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தபோது பூட்டு இன்னும் கெட்டியாகிவிட்டது. இந்த விதியை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றமும் பத்து மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். பத்தில் ஒன்று நம் தீவு! அது சம்மதிக்குமா?

பனிக்கட்டி மேல் படகு

இடங்களுக்காக நடந்த போராட்டம் போலவே கப்பலுக்காகவும் ஒரு போராட்டம் நடந்தது.

குளிர்காலத்தில் தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடல் பனிக்கட்டியாக உறைந்துவிடும். ஆனால் ஒரே பாளமாக உறையாது. ஓர் இடத்தில் கட்டி, ஓர் இடத்தில் தண்ணீர், ஓர் இடத்தில் சேறு போன்ற கூழ். கனடா சர்க்கார் விட்ட நீராவிக் கப்பல்கள் அந்தப் பனியில் சிக்கித் திணறின.

பிறகு மக்கள் எப்படிப் போனார்கள்? பனிப்படகில் போனார்கள்!

அது மரப்படகு. அடியில் சறுக்குக் கட்டை இருக்கும். தண்ணீர் வந்தால் துடுப்புப் போடுவார்கள். பனிக்கட்டி வந்தால் இறங்கிப் படகை இழுப்பார்கள். இழுக்கிறவர்கள் தோளில் வாரைக் கட்டிப் படகோடு பிணைத்திருப்பார்கள். கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தால் மற்றவர்கள் அந்த வாரைப் பிடித்துத் தூக்குவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பிரயாணியும் இறங்கி இழுத்தால் கட்டணம் குறைவு. உட்கார்ந்தே போனால் கட்டணம் அதிகம்!

1885 ஜனவரியில் சில பனிப்படகுகள் புயலில் சிக்கின. உள்ளே இருந்தவர்கள் இரவெல்லாம் பனி மேல் கிடந்தார்கள். ஒரு படகையே உடைத்து விறகாக எரித்துக் குளிர் காய்ந்தார்கள்.

"எழுதிக் கொடுத்த கப்பல் எங்கே?" என்று தீவு கேட்டது. 1886-ல் மகாராணிக்கே மனுக் கொடுத்தது. 1901-ல் நஷ்டஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை தரக் கனடா சர்க்கார் இணங்கியது. கடைசியில் 1917-ல்தான் பனியை உடைத்துக்கொண்டு, ரெயில் பெட்டிகளையும் சுமந்துகொண்டு போகும் பெரிய கப்பல் ஓடத் தொடங்கியது.

ஒப்பந்தம் எழுதி 44 ஆண்டுகள் ஆகியிருந்தன! எழுதி வைத்ததும் உடனே நடந்துவிடவில்லைதான். ஆனால் எழுத்தில் இருந்ததால்தான் விடாமல் கேட்க முடிந்தது.

தலைவருக்கு இடம் கொடுத்த தீவு

1919 ஆகஸ்டில் லிபரல் கட்சி ஒரு புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் மெக்கன்சி கிங். கட்சித் தலைவர் ஆகிவிட்டார். ஆனால் எம்.பி.யாக இல்லை! 1911-லும் 1917-லும் தேர்தலில் தோற்றிருந்தார்.

அவருக்கு இடம் கொடுத்தது இந்தத் தீவுதான். பிரின்ஸ் என்ற தொகுதியில் 1919 அக்டோபரில் உபதேர்தல். கிங் போட்டியில்லாமல் ஜெயித்தார்.

1921-ல் அவர் பிரதம மந்திரி ஆனார். அந்தத் தேர்தலில் அவர் நின்றது வேறு மாகாணத்துத் தொகுதியில். ஏணி தீவுடையது, மாடி வேறு இடத்தில்!

மூன்று இடம் புரட்டிப் போட்ட கணக்கு

இனித் தேர்தல் முடிவுகளைப் பார்ப்போம்.

கனடாவில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்று லிபரல் கட்சி. மற்றொன்று கன்சர்வேடிவ் கட்சி. தீவு மக்கள் நெடுங்காலமாக இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள்.

1953 தேர்தலில் தீவில் லிபரல் கட்சிக்கு 3 இடம். கன்சர்வேடிவ் கட்சிக்கு 1.

1957 ஜூன் தேர்தலில் கதை தலைகீழாயிற்று. நாலு இடமும் கன்சர்வேடிவ் கட்சிக்கே! நாடு முழுவதும் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 112 இடம். லிபரல் கட்சிக்கு 105. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆண்டுவந்த லிபரல் கட்சி இறங்கியது. டீபன்பேக்கர் பிரதம மந்திரி ஆனார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தீவு மக்கள் 1953-ல் போட்டது போலவே போட்டிருந்தால்? கன்சர்வேடிவ் 109, லிபரல் 108 என்று ஆகியிருக்கும். ஏழு இடம் வித்தியாசம் ஒன்றாகச் சுருங்கியிருக்கும்!

நாலு இடம் எப்போது கனக்கும் என்பது இதில் தெரிகிறது. இரண்டு பக்கமும் தராசு சமமாக நிற்கும்போது ஒரு குன்றிமணியும் கனக்கும். ஒரு பக்கம் மூட்டையே ஏறிவிட்டால் குன்றிமணிக்கு வேலை இல்லை.

தேர்தலுக்கு முன் ஒரு பாலம்

1965-ம் ஆண்டு. லிபரல் கட்சியின் பியர்சன் பிரதம மந்திரி. தீவையும் கரையையும் இணைக்க அணையும் பாலமுமாக ஒரு பெரிய பாதை போடப்படும் என்று அவருடைய சர்க்கார் அறிவித்தது. கரையில் வேலையும் தொடங்கியது.

நவம்பரில் தேர்தல் வந்தது. பாலம் கொடுத்த கட்சிக்குத் தீவு மக்கள் அள்ளிக் கொடுப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

நாலு இடமும் எதிர்க்கட்சிக்கே போய்விட்டன! தீவில் இருந்து மந்திரியாக இருந்த வாட்சன் மக்நாட் என்பவரே தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர் டேவிட் மாக்டொனால்டு என்ற இளம் பாதிரியார்.

1968-ல் ட்ரூடோவின் அலை நாடெங்கும் அடித்தது. இளைஞர்கள் அவரைச் சினிமா நட்சத்திரத்தைப் போல் மொய்த்தார்கள். லிபரல் கட்சிக்கு அமோக வெற்றி. தீவில் மட்டும் நாலு இடமும் மறுபடி கன்சர்வேடிவ் கட்சிக்கு!

பாலம் என்ன ஆயிற்று? 1969-ல் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். செலவு அதிகம் என்று சொல்லி, அதற்குப் பதிலாகத் தீவின் வளர்ச்சிக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்.

மேடையில் சொன்ன பாலம் மேடையோடு போயிற்று. ஆனால் 1873-ல் எழுதிய கப்பல் நிற்கவில்லை. லிபரல் ஆண்டாலும் ஓடியது. கன்சர்வேடிவ் ஆண்டாலும் ஓடியது.

ஒன்பது மாத மந்திரிசபை

1979 மே மாதத் தேர்தலில் தீவின் நாலு இடமும் கன்சர்வேடிவ் கட்சிக்கு. அந்தக் கட்சியின் ஜோ கிளார்க் பிரதம மந்திரி ஆனார். மெஜாரிட்டி இல்லாத மந்திரிசபை.

டிசம்பரில் பட்ஜெட் மேல் ஓட்டெடுப்பு. எதிராக 139 ஓட்டு. ஆதரவாக 133. மந்திரிசபை கவிழ்ந்தது. 1980 பிப்ரவரியில் மறு தேர்தல். இந்த முறை தீவு மக்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். இரண்டு அங்கே, இரண்டு இங்கே!

1988-ல் பெரிய கேள்வி ஒன்று நாட்டின் முன் நின்றது. அமெரிக்காவோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா? கன்சர்வேடிவ் பிரதம மந்திரி முல்ரோனி செய்யலாம் என்றார். லிபரல் கட்சி கூடாது என்றது. நாடு முல்ரோனிக்கு 169 இடம் கொடுத்தது. அப்போது மொத்த இடம் 295.

தீவு கொடுத்தது பூஜ்யம். நாலும் லிபரல் கட்சிக்கே!

அன்று தொடங்கி 2006 வரை ஆறு தேர்தல்களிலும் நாலுக்கு நாலு லிபரல்தான். 2008-லும் 2011-லும் மட்டும் எக்மன்ட் என்ற தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சியின் கெயில் ஷீ ஜெயித்தார். 2008-ல் அவருக்குக் கிடைத்த வெற்றி நூறு ஓட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில்! உடனே மந்திரியும் ஆனார். 2015-ல் அந்த இடமும் லிபரல் கட்சிக்குத் திரும்பிவிட்டது.

கார்டிகன் என்ற தொகுதியில் 1988-ல் ஜெயித்த லாரன்ஸ் மக்காலே 2025 வரை ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே தொகுதியின் எம்.பி.!

முதலில் வரும் முடிவு

கனடா மிக அகலமான நாடு. கிழக்கே பொழுது சாய்ந்த பிறகும் மேற்கே வெயில் அடித்துக்கொண்டு இருக்கும். அதனால் தீவு உள்ள கிழக்குப் பகுதியில் ஓட்டுச் சாவடிகள் முதலில் மூடப்படுகின்றன. ஓட்டுச் சீட்டுகளைக் கையால் எண்ணுகிறார்கள். முதலில் வரும் முடிவுகளில் தீவின் முடிவும் ஒன்று.

கிழக்கே யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தால் மேற்கே இருப்பவர்கள் மனம் மாறிவிடுவார்களே! அதனால் பல ஆண்டுகளாக ஒரு சட்டம் இருந்தது. ஓட்டுப் பதிவு முடியாத பகுதிகளில் மற்ற இடத்து முடிவுகளை வெளியிடக் கூடாது. இன்டர்நெட் வந்த பிறகு இந்தப் பூட்டுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. 2015 தேர்தலில் அந்தச் சட்டம் இல்லை.

பாலம் வந்தது

ஒரு முறை கைவிட்ட பாலம் எப்படி மீண்டும் வந்தது?

1988 ஜனவரியில் தீவு மக்களையே கேட்டார்கள். பாலமோ சுரங்கமோ, நிரந்தரப் பாதை வேண்டுமா? நூற்றுக்கு 59 பேர் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றவர்களும் குறைவில்லை. பாலம் வந்தால் தீவு தீவாக இருக்காது, கப்பலில் வேலை செய்கிறவர்களின் பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்.

இங்கேதான் அந்தப் பழைய கப்பல் நிபந்தனை குறுக்கே வந்தது. கப்பல் விடுவோம் என்று அரசியல் சட்டத்தில் எழுதியாயிற்று. சட்டத்தை மாற்றாமல் கப்பலை நிறுத்த முடியுமா? முடியாது. ஆகவே, கப்பலுக்குப் பதில் பாலம் இருக்கலாம் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள்.

1997-ம் ஆண்டு மே 31-ந்தேதி பாலம் திறக்கப்பட்டது. நீளம் 8 மைல். அதாவது சுமார் 13 கிலோ மீட்டர். பனிப்படகை இழுத்துக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டு போன கடலை இப்போது காரில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள்.

தீவுக்குள் வரக் கட்டணம் இல்லை. வெளியே போகும்போதுதான் வசூல்! அந்தக் கட்டணம் காருக்கு 50 டாலருக்கு மேல் ஏறிவிட்டது தீவு மக்களுக்கு நெடுநாள் மனக்குறை. 2025 ஆகஸ்ட் 1-ந்தேதி முதல் அதை 20 டாலராகக் குறைத்தார்கள்.

2025 தேர்தல்

2025 ஏப்ரல் 28-ந்தேதி நடந்த தேர்தலிலும் தீவின் நாலு இடமும் லிபரல் கட்சிக்கே. நாடு முழுவதும் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 169 இடம். மெஜாரிட்டிக்கு வேண்டியது 172. மூன்று இடம் குறைவு!

மூன்று இடத்துக்குத் தவித்த கட்சிக்கு நாலு இடம் எவ்வளவு பெரியது! தீவில் இருந்து போன ஹீத் மாக்டொனால்டு விவசாய மந்திரி ஆனார். உருளைக்கிழங்குத் தீவுக்கு அது பொருத்தமான பதவி.

நாலுக்கு நாலும் ஒரே கட்சி என்றால் தீவு முழுவதும் ஒரே மனமா? அப்படி இல்லை. தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு இடம்; இதுதான் கனடாவின் முறை. 2019-லும் 2021-லும் தீவில் லிபரல் கட்சி வாங்கியது பாதிக்கும் குறைவான ஓட்டு. இடமோ முழுவதும்! மற்றக் கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள் சார்பில் ஒட்டாவாவுக்கு யாரும் போகவில்லை.

இது நியாயமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது.

கனடாவின் ஜனத்தொகையை 343 ஆல் வகுத்தால், ஓர் எம்.பி.க்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வருகிறார்கள். தீவிலோ 2021 கணக்குப்படி ஓர் எம்.பி.க்கு 39 ஆயிரம் பேர்கூட இல்லை. தீவில் ஒருவர் போடும் ஓட்டு மற்ற இடங்களில் கிட்டத்தட்ட மூன்று பேர் போடும் ஓட்டுக்குச் சமம்.

"ஆளுக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்பதுதானே ஜனநாயகம்? தீவுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று பெரிய நகரத்துக்காரர்கள் கேட்டால் அதில் தப்பு இல்லை.

தீவுக்காரர்கள் சொல்லும் பதில் வேறு. "தலையை மட்டும் எண்ணினால் நாங்கள் ஒரு நகரத்தின் மூலை. ஆனால் நாங்கள் ஒரு மாகாணம். எங்களுக்கு என்று சட்டசபை உண்டு, கடல் உண்டு, கஷ்டம் உண்டு. நம்பித்தான் வந்து சேர்ந்தோம்."

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் சோறு பரிமாறும்போது தலைக்கு இவ்வளவு என்றுதான் அளக்கவேண்டும். ஆனால் கடைக்குட்டியின் தட்டு காலியாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 1915-ம் ஆண்டு வரி செய்தது இதைத்தான்.

எழுதியது நின்றது

தீவு மக்கள் ஆளும் கட்சியோடு சேர்ந்தும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எதிர்த்தும் போட்டிருக்கிறார்கள். 1957-லும் 2025-லும் அவர்களுடைய நாலு இடம் கனத்தது. 1968-லும் 1988-லும் அந்த நாலு இடத்தால் எதையும் தடுக்க முடியவில்லை.

ஆனால் யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் இரண்டு விஷயங்கள் மட்டும் நிலைத்து நின்றன. ஒன்று, கரைக்குப் போக வழி. மற்றொன்று, அந்த நாலு இடம். இரண்டும் சட்டத்தில் எழுதி வாங்கியவை.

பாலக் கட்டணத்தை 20 டாலராகக் குறைத்தது ஒரு சர்க்கார். நாளை வேறொரு சர்க்கார் அதை ஏற்றலாம். ஆனால் வழியே இல்லாமல் செய்ய எந்தச் சர்க்காராலும் முடியாது. அது அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதிகள் வரும், போகும். சிறியவன் பிழைக்க வேண்டுமானால் ஓட்டை மட்டும் நம்பி இருந்தால் போதாது. சேரும்போதே எழுதி வாங்க வேண்டும். எழுதியதை விடாமல் கேட்கவும் வேண்டும்.

1864-ல் "ஆறு வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாலை விடாமல் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம்தான் அந்தத் தீவின் பெரிய சொத்து!